அத்தியாயம் 7: வந்த நாளும் முடிந்த நாளும் ஒரே வரைபடத்தில்

ஒரு பம்புசெட் பழுதுபார்க்கும் பட்டறையின் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. மோட்டார் உள்ளே வந்த நாள் ஒரு நெடுவரிசையில் இருக்கிறது, வேலை முடிந்த நாள் அடுத்த நெடுவரிசையில் இருக்கிறது. பட்டறைக்காரர் கேட்பது இதுதான்: "மாசத்துக்கு எத்தனை வந்துச்சு, எத்தனை முடிஞ்சுது? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல காட்டுப்பா."

இதே கேள்வி எல்லா இடத்திலும் இருக்கிறது. ஆர்டர் எடுத்த நாளும் சரக்கு அனுப்பிய நாளும், மனு வந்த நாளும் தீர்வான நாளும், புத்தகம் இரவல் போன நாளும் திரும்பிய நாளும் இதே வகைதான். நெடுவரிசைகளின் பெயர்தான் மாறும், செய்முறை மாறாது.

இந்த அத்தியாயத்தில் பவர் பிஐ டெஸ்க்டாப் மென்பொருளில் இதைச் செய்யப்போகிறோம். மைக்ரோசாஃப்ட் 2015-இல் வெளியிட்ட இந்த மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், ஆனால் விண்டோஸ் கணினியில் மட்டுமே ஓடும். எக்செல் மட்டும் வைத்திருப்பவர்களுக்கான வழி அத்தியாயத்தின் பிற்பகுதியில் இருக்கிறது. அவர்களும் அடுத்த இரண்டு பகுதிகளைப் படித்துவிட்டே அங்கே போக வேண்டும்.

## முதலில் காகிதத்தில் விடையைக் கண்டுபிடியுங்கள்

மென்பொருள் தரும் விடை சரியா என்று சோதிக்க, கையால் எண்ணிச் சரிபார்த்த சிறு அட்டவணை ஒன்று வேண்டும். கீழே உள்ள 10 வரிகளை ஒரு எக்செல் தாளில் அடித்துக்கொள்ளுங்கள். நெடுவரிசைகள் மூன்று: வேலை எண், வந்த நாள், முடிந்த நாள். எல்லாம் 2025-ஆம் ஆண்டு. கணக்கு கைக்குள் அடங்கும்படி நானே அமைத்த எடுத்துக்காட்டு இது.

1. ஏப்ரல் 3 வந்தது, ஏப்ரல் 7 முடிந்தது
2. ஏப்ரல் 11 வந்தது, மே 2 முடிந்தது
3. ஏப்ரல் 17 வந்தது, ஏப்ரல் 29 முடிந்தது
4. ஏப்ரல் 26 வந்தது, மே 14 முடிந்தது
5. மே 5 வந்தது, மே 9 முடிந்தது
6. மே 13 வந்தது, ஜூன் 4 முடிந்தது
7. மே 20 வந்தது, மே 24 முடிந்தது
8. மே 30 வந்தது, ஜூன் 11 முடிந்தது
9. ஜூன் 6 வந்தது, ஜூன் 27 முடிந்தது
10. ஜூன் 19 வந்தது, இன்னும் முடியவில்லை

சுவரில் மாட்டிய நாட்காட்டியில், மோட்டார் வந்த நாளில் ஒரு நீலப் புள்ளியும் முடிந்த நாளில் ஒரு சிவப்புப் புள்ளியும் வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் நீலத்தைத் தனியாகவும் சிவப்பைத் தனியாகவும் எண்ணினால் விடை வந்துவிடும்.

- ஏப்ரல்: வந்தவை 4, முடிந்தவை 2
- மே: வந்தவை 4, முடிந்தவை 4
- ஜூன்: வந்தவை 2, முடிந்தவை 3

மொத்தம் வந்தவை 10, முடிந்தவை 9. இந்த எண்களை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை தேவைப்படும்.

## பெரும்பாலோர் இடறும் இடம்

புதிதாகச் செய்பவர்கள் வந்த நாளை வரைபடத்தின் கிடை அச்சில் போடுவார்கள். பிறகு வந்த நாளின் எண்ணிக்கையையும் முடிந்த நாளின் எண்ணிக்கையையும் இரண்டு தூண்களாக இழுத்துவிடுவார்கள். வரைபடம் பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் அழகாக வந்துவிடும். அதில் தெரியும் எண்கள் இவை:

- ஏப்ரல்: 4, 4
- மே: 4, 4
- ஜூன்: 2, 1

கைக்கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏப்ரலில் பாதி வேலைதான் முடிந்தது, ஆனால் வரைபடம் எல்லாமே முடிந்ததாகச் சொல்கிறது. ஜூனில் வந்ததைவிட அதிகமாகவே முடித்தார்கள், வரைபடமோ அந்த மாதம்தான் வேலை தேங்கியதாகக் காட்டுகிறது. இதை நம்பி யாராவது ஜூன் மாதத்து ஆட்களைக் கண்டித்தால் அது அநியாயம்.

காரணம் எளிது. அச்சில் இருப்பது வந்த நாள். 2-ஆம் எண் வேலை மே மாதம் முடிந்திருந்தாலும், அது வந்தது ஏப்ரலில் என்பதால் அதன் முடிவும் ஏப்ரல் கணக்கிலேயே விழுகிறது. அதாவது அந்த இரண்டாவது தூண், "ஏப்ரலில் வந்தவற்றில் இதுவரை எத்தனை முடிந்தன" என்ற வேறொரு கேள்விக்கு விடை சொல்கிறது. அந்தக் கேள்வியும் பயனுள்ளதுதான், ஆனால் நம்மிடம் கேட்டது அது அல்ல.

ஆகவே அச்சில் வந்த நாளும் இருக்கக்கூடாது, முடிந்த நாளும் இருக்கக்கூடாது. இரண்டுக்கும் பொதுவான மூன்றாவது ஒன்று, ஒரு தனி நாட்காட்டி, அங்கே இருக்க வேண்டும். இனி செய்யப்போவது எல்லாம் இதற்காகத்தான்.

## படி ஒன்று: தேதியைத் தேதியாக்குதல்

அவசரப்பட்டுத் தாண்டக்கூடாத பகுதி இது. வரைபடம் தவறாக வந்தால் முதலில் இங்கேதான் திரும்பி வந்து பார்க்க வேண்டும்.

1. மூலக்கோப்பை ஒரு நகல் எடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.
2. பவர் பிஐ-யில் "கெட் டேட்டா" வழியாக எக்செல் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். தாளைத் தேர்ந்ததும் "லோடு" பொத்தானை அழுத்தாமல் "டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா" பொத்தானை அழுத்துங்கள். பவர் குவெரி சாளரம் திறக்கும்.
3. அட்டவணைக்கு "வேலைகள்" என்று பெயர் வையுங்கள்.
4. வலப்பக்கத்தில் செய்த படிகளின் பட்டியல் இருக்கும். அதில் "சேஞ்ஜ்டு டைப்" என்ற படி தானாகவே சேர்ந்திருந்தால் அதை நீக்குங்கள். தேதியை மென்பொருள் தன் போக்கில் ஊகித்த இடம் அது.
5. வந்த நாள் நெடுவரிசையின் தலைப்பில் வலது சொடுக்கு. "சேஞ்ஜ் டைப்", அதனுள் "யூசிங் லொக்கேல்". தரவு வகையாக "டேட்", இடமாக "இங்கிலீஷ் (இந்தியா)" தேர்ந்தெடுங்கள்.
6. முடிந்த நாள் நெடுவரிசைக்கும் அப்படியே செய்யுங்கள்.
7. "வியூ" தாவலில் "காலம் குவாலிட்டி"யைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு தலைப்பின் கீழும் சரியானவை, பிழையானவை, வெற்றானவை என மூன்று விழுக்காடுகள் தெரியும். நம் அட்டவணையில் முடிந்த நாளுக்கு வெற்று 10 விழுக்காடு, இரண்டு நெடுவரிசையிலும் பிழை 0 என்று வர வேண்டும்.
8. "குளோஸ் அண்ட் அப்ளை".

5-ஆம் படி ஏன் அவ்வளவு முக்கியம்? நாம் நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுகிறோம். அமெரிக்க வழக்கில் மாதம் முதலில் வரும். தேதி உரையாகப் பதிவாகியிருந்து கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால், 03/04/2025 என்பது மார்ச் 4 ஆகிவிடும், 11/04/2025 என்பது நவம்பர் 4 ஆகிவிடும். 17/04/2025 மட்டும், 17-ஆவது மாதம் இல்லாததால், பிழை என்று நிற்கும். பிழையாக நிற்பது கண்ணில் பட்டுவிடும், திருத்திவிடலாம். 12-க்குள் அடங்கும் நாட்கள் சத்தமில்லாமல் வேறு மாதத்துக்குப் போய்விடுவதுதான் ஆபத்து. பிழை காட்டிய வரிகளை மட்டும் நீக்கிவிட்டு மேலே போகிறவர்கள், கெட்டுப்போன தேதிகளை வைத்துக்கொண்டு நல்ல தேதிகளைத் தூக்கி எறிகிறார்கள்.

குறிப்பு: காலம் குவாலிட்டி இயல்பாக முதல் 1000 வரிகளை மட்டுமே பார்க்கும். பெரிய பதிவேடாக இருந்தால் சாளரத்தின் அடிப்பட்டியில் உள்ள அந்த வாசகத்தைச் சொடுக்கி, முழுத் தரவையும் பார்க்கும்படி மாற்றுங்கள்.

குறிப்பு: தேதியோடு மணியும் நிமிடமும் சேர்ந்திருந்தால் இங்கேயே "டேட்" வகைக்கு மாற்றி நேரத்தை வெட்டிவிடுங்கள். ஏப்ரல் 3 காலை 10.30 என்பது நாட்காட்டியில் உள்ள ஏப்ரல் 3-உடன் பொருந்தாது, ஏனென்றால் நாட்காட்டியின் நாள் நள்ளிரவு 12 மணியைக் குறிக்கிறது. நெடுவரிசையின் தோற்றத்தை மட்டும் மாற்றி நேரத்தை மறைத்தால் போதாது, உள்ளே நேரம் அப்படியே இருக்கும்.

## படி இரண்டு: பொது நாட்காட்டி

இனி வரும் சூத்திரங்களில் செயற்கூறுகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். திரையில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், முதல் மூன்று நான்கு எழுத்து தட்டியதும் பட்டியல் விழும், அதில் தேர்ந்துகொள்ளலாம். அட்டவணை, நெடுவரிசைப் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம், மென்பொருள் ஏற்றுக்கொள்ளும். தமிழ்ப் பெயருள்ள அட்டவணையை ஒற்றை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

முதலில் ஒரு அமைப்பை அணைத்துவிடுங்கள். "ஃபைல்", "ஆப்ஷன்ஸ்" வழியே போய், நடப்புக் கோப்புக்கான "டேட்டா லோடு" பக்கத்தில் "ஆட்டோ டேட் டைம்" என்பதன் குறியை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் ஒவ்வொரு தேதி நெடுவரிசைக்கும் மறைவாக ஒரு தனி நாட்காட்டி உருவாகும். இரண்டு நெடுவரிசைக்கு இரண்டு நாட்காட்டி. நமக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது.

1. "மாடலிங்" தாவலில் "நியூ டேபிள்". சூத்திரப் பட்டையில்:

நாட்காட்டி = கேலண்டர் ( டேட் ( 2025, 4, 1 ), டேட் ( 2026, 3, 31 ) )

2. ஒரே நெடுவரிசையுள்ள அட்டவணை வரும். அந்த நெடுவரிசைக்கு "நாள்" என்று பெயர் மாற்றி, வகையை "டேட்" ஆக்குங்கள்.

3. "நியூ காலம்" வழியாக மாத எண்:

மாத எண் = இயர் ( [நாள்] ) * 100 + மந்த் ( [நாள்] )

ஏப்ரல் 2025-க்கு 202504 என்று வரும். ஆண்டையும் சேர்த்தே எண்ணாக்குவது கட்டாயம். வெறும் 4 என்று வைத்தால் 2025 ஏப்ரலும் 2026 ஏப்ரலும் ஒன்றாகக் குவிந்துவிடும்.

4. இன்னொரு நெடுவரிசை, வரைபடத்தில் தெரியும் பெயருக்காக:

மாதம் = சுவிட்ச் ( மந்த் ( [நாள்] ), 1, "ஜன", 2, "பிப்", 3, "மார்ச்", 4, "ஏப்", 5, "மே", 6, "ஜூன்", 7, "ஜூலை", 8, "ஆக", 9, "செப்", 10, "அக்", 11, "நவ", 12, "டிச" ) & " " & இயர் ( [நாள்] )

5. இடப்புறத்தில் "டேபிள் வியூ"வுக்குப் போய், மாதம் நெடுவரிசையைத் தேர்ந்து, "சார்ட் பை காலம்" பட்டியலில் மாத எண்ணைக் கொடுங்கள். இதைச் செய்யாவிட்டால் மென்பொருள் மாதங்களை அகரவரிசையில் அடுக்கி, அக்டோபரைக் கொண்டுவந்து முதலில் நிறுத்திவிடும்.

6. நாட்காட்டி அட்டவணையின் பெயரில் வலது சொடுக்கு, "மார்க் ஆஸ் டேட் டேபிள்", நாள் நெடுவரிசையைக் காட்டுங்கள். விட்டுப்போன நாளோ இருமுறை வந்த நாளோ இருந்தால் மென்பொருள் இங்கே மறுத்துவிடும். அது நல்ல சோதனை.

நாட்காட்டியின் தொடக்கமும் முடிவும் எவ்வளவு இருக்க வேண்டும்? பதிவேட்டின் மிகப் பழைய வந்த நாளுக்கு முன்பே தொடங்க வேண்டும், மிகப் புதிய முடிந்த நாளைத் தாண்டிப் போக வேண்டும். கேலண்டர்ஆட்டோ என்று ஒரு செயற்கூறு இருக்கிறது. அது கோப்பிலுள்ள எல்லாத் தேதிகளையும் பார்த்துத் தானே எல்லையை வகுத்துக்கொள்ளும். வசதிதான், ஆனால் யாரோ ஒருவர் 2025-க்குப் பதிலாக 2052 என்று தட்டியிருந்தாலும், வாடிக்கையாளரின் பிறந்த நாள் கோப்பில் இருந்தாலும், நாட்காட்டி அதுவரை நீண்டுவிடும். அதனால் தொடக்கத்தையும் முடிவையும் கையால் எழுதுவதையே நான் பரிந்துரைக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

## படி மூன்று: இரண்டு உறவுகள்

1. "மாடல் வியூ"வுக்குப் போங்கள். இரண்டு அட்டவணைகளும் பெட்டிகளாகத் தெரியும். மென்பொருள் தானாகப் போட்ட உறவுக் கோடு ஏதேனும் இருந்தால் நீக்கிவிட்டுத் தொடங்குங்கள்.
2. நாட்காட்டியின் நாளை இழுத்து, வேலைகளின் வந்த நாள் மேல் விடுங்கள். முழுக்கோடு விழும்.
3. மறுபடி நாட்காட்டியின் நாளை இழுத்து, முடிந்த நாள் மேல் விடுங்கள். இந்த முறை விழுவது புள்ளிக்கோடு.
4. இரண்டு கோட்டிலும் நாட்காட்டிப் பக்கம் 1 என்றும், வேலைகள் பக்கம் நட்சத்திரக் குறியும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

புள்ளிக்கோட்டைப் பார்த்துப் பிழை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். இரண்டு அட்டவணைகளுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு உறவு மட்டுமே இயங்க முடியும் என்பது பவர் பிஐ-யின் விதி. மற்றது உறங்கிக்கொண்டிருக்கும். தேவைப்படும் கணக்கில் மட்டும் அதை எழுப்பிக்கொள்ளலாம்.

சிலர் இந்த விதியைத் தவிர்க்க இரண்டு நாட்காட்டிகள் வைப்பார்கள். வந்த நாளுக்கு ஒன்று, முடிந்த நாளுக்கு ஒன்று. "ஏப்ரலில் வந்து மே மாதம் முடிந்தவை எத்தனை" என்பது போன்ற கேள்விக்கு அது சரியான அமைப்பு. ஒரே அச்சில் இரண்டையும் காட்ட மட்டும் அது உதவாது, ஏனென்றால் அச்சில் ஒரு நாட்காட்டியைத்தான் வைக்க முடியும்.

## படி நான்கு: இரண்டு மெஷர்கள்

மெஷர் என்பது பெயரிட்டு வைத்துக்கொள்ளும் ஒரு கணக்குச் சூத்திரம். வேலைகள் அட்டவணையைத் தேர்ந்துகொண்டு "நியூ மெஷர்".

வந்தவை = கவுன்ட் ( 'வேலைகள்'[வந்த நாள்] )

முழுக்கோட்டு உறவு தானாகவே இதற்குப் பயன்படும். இரண்டாவது:

முடிந்தவை = கால்குலேட் ( கவுன்ட் ( 'வேலைகள்'[முடிந்த நாள்] ), யூஸ்ரிலேஷன்ஷிப் ( 'வேலைகள்'[முடிந்த நாள்], 'நாட்காட்டி'[நாள்] ) )

யூஸ்ரிலேஷன்ஷிப் என்பதுதான் புள்ளிக்கோட்டை எழுப்புகிறது. இந்த ஒரு கணக்கு நடக்கும் நேரத்துக்கு மட்டும் முழுக்கோடு ஒதுங்கிக்கொள்ளும். மாடல் வியூவில் அந்தக் கோட்டை நீங்கள் வரையாமல் விட்டிருந்தால் மெஷர் பிழை காட்டும்.

இங்கே கவுன்ட் என்பதையே பயன்படுத்துங்கள். பட்டியலில் பக்கத்திலேயே கவுன்ட்ரோஸ் இருக்கும், பலரும் அதைத் தேர்ந்துவிடுவார்கள். அது வரிகளை எண்ணும், முடிந்த நாள் வெற்றாக இருக்கும் 10-ஆம் வேலையையும் சேர்த்து எண்ணிவிடும். கவுன்ட் வெற்றை விட்டுவிட்டுத் தேதி உள்ளவற்றை மட்டும் எண்ணும். நிலுவைக் கணக்குக்குப் போகும்போது இந்த வேறுபாடு பெரிதாகிவிடும்.

## படி ஐந்து: வரைதல்

1. "ரிப்போர்ட் வியூ"வில் முதலில் வரைபடம் வேண்டாம். "டேபிள்" வகையைத் தேர்ந்து, மாதம், வந்தவை, முடிந்தவை மூன்றையும் அதில் போடுங்கள்.
2. எழுதிவைத்த தாளை எடுத்து ஒப்பிடுங்கள். 4-2, 4-4, 2-3, மொத்தம் 10-9. ஒன்று மாறினாலும் மேலே போகாதீர்கள்.
3. எண்கள் ஒத்துவந்தால் அதே பெட்டியைத் தேர்ந்த நிலையில் "கிளஸ்டர்டு காலம் சார்ட்" வகைக்கு மாற்றுங்கள். கிடை அச்சில் மாதம், செங்குத்து அச்சில் இரண்டு மெஷர்களும் இருக்க வேண்டும்.
4. தூண்கள் உயர வரிசையில் நின்றால், வரைபடத்தின் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்கி, மாதப்படி ஏறுவரிசையில் அடுக்கச் சொல்லுங்கள்.
5. நிறத்தை ஒரே அறிக்கை முழுக்க மாற்றாமல் வையுங்கள். முதல் பக்கத்தில் வந்தவை நீலமென்றால் எல்லாப் பக்கத்திலும் நீலமே.

தேதி வரம்பைத் தேர்ந்தெடுக்க ஸ்லைசர் வைப்பதானால் அதையும் நாட்காட்டி அட்டவணையிலிருந்தே எடுக்க வேண்டும். வந்த நாளை ஸ்லைசராக வைத்து மே மாதத்தைத் தேர்ந்தால், ஏப்ரலில் வந்து மேயில் முடிந்த இரண்டு வேலைகள் காணாமல் போய், மே மாதத்தில் முடிந்தவை 4-க்குப் பதில் 2 ஆகிவிடும். வரைபடத்தைச் சரியாகச் செய்துவிட்டு ஸ்லைசரில் கோட்டைவிடுவது மிகவும் சாதாரணம். இதைத் தடுக்க, வந்த நாள், முடிந்த நாள் இரண்டையும் "ஹைட்" செய்து பக்கப் பட்டியலிலிருந்து மறைத்துவிடுங்கள். மெஷர்கள் எப்போதும்போல வேலை செய்யும்.

நடப்பு மாதம் இன்னும் முடியாத நிலையில் அறிக்கை கொடுத்தால், கடைசித் தூண்கள் இயல்பாகவே குட்டையாக இருக்கும். தலைப்பில் "இந்த நாள் வரை" என்று தேதி போடுங்கள், அல்லது அந்த மாதத்தை வடிகட்டியில் எடுத்துவிடுங்கள்.

## நிலுவைக் கோடு

வந்தவையும் முடிந்தவையும் தெரிந்ததும் அடுத்த கேள்வி, "அப்போ கையில எத்தனை நிக்குது?" என்பதாகத்தான் இருக்கும். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அதுவரை வந்தவை எல்லாவற்றிலிருந்து அதுவரை முடிந்தவை எல்லாவற்றையும் கழிக்க வேண்டும்.

நிலுவை = கால்குலேட் ( [வந்தவை] - [முடிந்தவை], ஃபில்டர் ( ஆல் ( 'நாட்காட்டி' ), 'நாட்காட்டி'[நாள்] <= மேக்ஸ் ( 'நாட்காட்டி'[நாள்] ) ) )

நம் அட்டவணைக்கு ஏப்ரலில் 2, மேயில் 2, ஜூனில் 1 என்று வர வேண்டும். வரைபட வகையை "லைன் அண்ட் கிளஸ்டர்டு காலம்" ஆக்கி, நிலுவையைக் கோட்டுக்கான இடத்தில் விடுங்கள். இடது அச்சும் வலது அச்சும் ஒரே அளவுகோலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றுமே வேலைகளின் எண்ணிக்கை, அளவுகோல் வேறாக இருந்தால் கோடு தூணைத் தாண்டுவதும் தாழ்வதும் பொய்த்தோற்றமாகிவிடும்.

கவுன்ட்ரோஸ் பயன்படுத்தியவர்களுக்கு இங்கே நிலுவை குறைந்து தெரியும். வெற்று என்பதை இந்த ஒப்பீடு எந்தத் தேதியைவிடவும் சிறியதாக எடுத்துக்கொள்வதால், முடியாத 10-ஆம் வேலை முதல் மாதத்திலிருந்தே முடிந்ததாகக் கணக்கில் சேர்ந்துவிடும். ஏப்ரலில் 1, மேயில் 1, ஜூனில் 0 என்று வந்தால் காரணம் இதுதான்.

கோடு ஜூனோடு நிற்காமல் அடுத்த மார்ச் வரை 1 என்று நீண்டுகொண்டே போகும். நாட்காட்டி அதுவரை இருப்பதால் அது இயல்பே. வடிகட்டிப் பலகத்தில் இந்த வரைபடத்துக்கு மட்டும் நாட்காட்டியின் நாளை ஜூன் 30 வரை என்று கட்டுப்படுத்துங்கள்.

உண்மையான பதிவேட்டில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஏப்ரல் 1 முதல் வந்தவற்றை மட்டும் எடுத்திருந்தால், மார்ச்சில் வந்து அப்போது முடியாமல் கிடந்தவை கணக்கிலேயே இருக்காது, நிலுவை குறைவாகவே காட்டும். ஆண்டுத் தொடக்கத்தில் கையில் நின்ற பழைய வேலைகளையும் தரவில் சேர்த்து, நாட்காட்டியை அவற்றின் வந்த நாளுக்கு முன்னால் தொடங்குங்கள்.

## எண் ஒத்துவராதபோது

எல்லா மாதத்திலும் ஒரே எண் வருகிறது. உறவுக்கோடு இல்லை, அல்லது அச்சில் உள்ள மாதம் நாட்காட்டியுடையது அல்ல.

பெயரில்லாத ஒரு தூண் தனியாக நிற்கிறது. நாட்காட்டிக்கு வெளியே ஏதோ தேதி இருக்கிறது, அல்லது நேரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் தூணை வடிகட்டி மறைக்கும் முன் அதற்குள் எந்த வரிகள் இருக்கின்றன என்று பாருங்கள். மறைத்துவிட்டால் பிழையும் சேர்ந்தே மறைந்துவிடும்.

முடிந்தவையும் வந்தவையும் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கின்றன. முடிந்தவை மெஷரில் இரண்டு இடத்திலும் முடிந்த நாள்தான் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் மெஷரை நகலெடுத்துத் திருத்தும்போது ஒரு இடம் விட்டுப்போவது வழக்கம்.

வேலை வரும் முன்பே முடிந்திருக்கிறது. பவர் குவெரியில் முடிந்த நாள் வந்த நாளுக்கு முந்தியதாக உள்ள வரிகளைத் தேடிப் பாருங்கள். நாளும் மாதமும் இடம் மாறியதையும் தட்டச்சுப் பிழையையும் இந்த ஒரு சோதனை பிடித்துக் கொடுத்துவிடும். மாதத்துக்கு ஒருமுறை தரவு புதுப்பிக்கும்போதெல்லாம் செய்யுங்கள்.

## சூத்திரம் இல்லாத வழி, எக்செல்லுக்கும் சேர்த்து

எக்செல் 2016 முதல் பவர் குவெரி எக்செல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே இந்த வழி இரண்டிலும் செல்லும்.

1. படி ஒன்றை அப்படியே முடியுங்கள்.
2. வேலைகள் குவெரியின் மேல் வலது சொடுக்கி "ரெஃபரன்ஸ்" தேர்ந்தெடுங்கள். மூலம் அப்படியே இருக்க, அதைத் தொடரும் புதிய குவெரி ஒன்று கிடைக்கும். "நிகழ்வுகள்" என்று பெயரிடுங்கள்.
3. வந்த நாள், முடிந்த நாள் இரண்டையும் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி தேர்ந்து, "டிரான்ஸ்ஃபார்ம்" தாவலில் "அன்பிவட் காலம்ஸ்".
4. இரண்டு நெடுவரிசைகள் போய்ப் புதிதாக இரண்டு வரும். ஒன்றில் வந்த நாள் அல்லது முடிந்த நாள் என்ற பெயர், மற்றதில் தேதி. பெயர்களை "நிகழ்வு", "நாள்" என்று மாற்றி, நாளின் வகை "டேட்" தானா என்று பாருங்கள்.
5. வரிகளை எண்ணுங்கள். 10 வரிகள் 19 ஆகியிருக்க வேண்டும். வெற்றாக இருந்த ஒன்றை அன்பிவட் தானே விட்டுவிடும்.
6. எக்செல்லில் இதிலிருந்து பிவட் டேபிள் உருவாக்கி, நாளை வரிசைப் பகுதியிலும் நிகழ்வை நெடுவரிசைப் பகுதியிலும் வேலை எண்ணை மதிப்புப் பகுதியிலும் இடுங்கள். மதிப்பு கூட்டலாக வந்தால் எண்ணிக்கையாக மாற்றுங்கள்.
7. நாள் மேல் வலது சொடுக்கி "குரூப்". மாதம், ஆண்டு இரண்டையும் தேர்ந்தெடுங்கள். மாதத்தை மட்டும் தேர்ந்தால் எல்லா ஆண்டின் ஏப்ரலும் ஒன்றாகிவிடும்.

சிறு பதிவேட்டுக்கு இதுவே போதும், கற்றுக்கொள்ளவும் எளிது. ஆனால் ஒரு வேலை இப்போது இரண்டு வரிகளில் இருக்கிறது. கூலித்தொகை என்று ஒரு நெடுவரிசை இருந்து அதைக் கூட்டினால் தொகை ஏறக்குறைய இரட்டிப்பாக வரும். பணக் கணக்கை எப்போதும் மூல அட்டவணையிலிருந்தே எடுங்கள், நிகழ்வுகளை எண்ணிக்கைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூலி, உதிரிபாகம், நிலுவை என்று கேள்விகள் கூடிக்கொண்டே போகும் நிலை வந்தால் நாட்காட்டி வழிக்கு மாறிவிடுவது நல்லது.

## பிறர் கைக்குக் கொடுக்கும் முன்

பதிவேட்டில் வாடிக்கையாளரின் பெயரும் கைபேசி எண்ணும் முகவரியும் இருக்கும். மாத எண்ணிக்கைக்கு அவை எதுவும் தேவையில்லை. பவர் குவெரியிலேயே "ரிமூவ் காலம்ஸ்" கொண்டு அவற்றை எடுத்துவிடுங்கள். வரைபடத்தில் தெரியாவிட்டால் போதும் என்று இருந்துவிடக்கூடாது. இறக்குமதி செய்த தரவு பவர் பிஐ கோப்புக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது. கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால், வாங்குபவர் டேபிள் வியூவைத் திறந்து எல்லா வரியையும் பார்க்க முடியும். முன்பு ஹைட் செய்தோமே, அது பார்வைக்குத்தான், பாதுகாப்புக்கு அல்ல.

"பப்ளிஷ் டு வெப்" என்ற வசதியைப் பட்டறைக் கணக்குக்குத் தொடவே வேண்டாம். அந்த இணைப்பு கிடைத்த எவரும், கடவுச்சொல் எதுவும் இல்லாமல், அறிக்கையைத் திறந்து பார்க்கலாம். வரைபடம் மட்டும் போதுமென்றால் "எக்ஸ்போர்ட்" வழியாகப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

அனுப்பும் நாளில் செய்ய வேண்டிய வரிசை இது:

1. புதிய பதிவேட்டை அதே கோப்புப் பெயரில், அதே நெடுவரிசைத் தலைப்புகளோடு வைத்து "ரிஃப்ரெஷ்" அழுத்துங்கள். தலைப்பில் ஒரு எழுத்து மாறினாலும் குவெரி நின்றுவிடும்.
2. காலம் குவாலிட்டியில் பிழை 0 என்பதைப் பாருங்கள்.
3. வந்தவையின் மொத்தம் பதிவேட்டின் வரி எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும்.
4. வந்தவையின் மொத்தத்திலிருந்து முடிந்தவையின் மொத்தத்தைக் கழித்தால் வருவது, முடிந்த நாள் வெற்றாக உள்ள வரிகளின் எண்ணிக்கையாக இருக்க வேண்டும். பட்டறையில் உண்மையாகவே நிற்கும் மோட்டார்களையும் எண்ணிப் பார்த்துவிடுங்கள்.
5. ஏதேனும் ஒரு மாதத்தைத் தேர்ந்து, பதிவேட்டில் வடிகட்டி முடிந்தவற்றைக் கையால் எண்ணி, வரைபடத்தின் தூணோடு ஒப்பிடுங்கள்.
6. ஒத்துவந்தால், அறிக்கையின் அடியில் இரண்டு வரி எழுதுங்கள்: "வந்தவை, வந்த மாதத்தின்படி. முடிந்தவை, முடிந்த மாதத்தின்படி." இது இருந்தால், மே மாதத்தில் வந்த நான்கும் முடிந்த நான்கும் அதே நான்கு மோட்டார்கள்தான் என்று படிப்பவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.